அப்பா போட்ட ஜாமீன் கையெழுத்து

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலை. ஈஸ்ட் ஹாமில் காய்கறி வாங்கிக்கொண்டு நானும் என் பெண்ணும் பூங்கா வழியாக நடந்து வந்துகொண்டிருந்தோம். ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்ட ஆறேழு பேர் வேலிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். முதுகில் பெரிய எழுத்தில் 'கம்யூனிட்டி பேபேக்'.

"அவா யாருப்பா? கவுன்சில் ஆளா?"

"இல்லடா கண்ணா. ஏதோ தப்பு பண்ணி கோர்ட்ல தண்டனை வாங்கினவா. ஜெயிலுக்குப் பதிலா இந்த வேலை. இத்தனை மணி நேரம்னு கணக்கு."

"அப்போ ராத்திரி எங்க போவா?"

"அவாவா ஆத்துக்குத்தான்."

பதினோரு வயசுக்காரி. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி எனக்குப் பழக்கமான பிடிதான். அதே வயசில் வலியசாலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பாவின் கையை நானும் அப்படித்தான் பிடித்துக்கொண்டேன். அங்கேயே கொசுவர்த்திச் சுருள் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அதன் விளைவுதான் இந்த நீளமான பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

வலியசாலை தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். திருவனந்தபுரத்தில் சாலைக் கம்போளத்தைத் தாண்டி, கிள்ளியாற்றுப் பக்கம் இருக்கும் தமிழ்த் தெருக்கள். ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை எங்கள் ஊர்தான் என்று தெருப் பெரியவர்கள் அடித்துச் சொல்வார்கள். காந்தளூர் மகாதேவர் கோயில் இன்றும் இருக்கிறது. ஆய் அரசன் கருநந்தடக்கன் 866-ல் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு சாலை அமைத்தபோது காந்தளூரைத்தான் மாதிரியாக எடுத்துக்கொண்டான். அந்தச் செப்பேட்டில் அங்கே தங்கிப் படித்தவர்கள் தப்பு செய்தால் என்ன தண்டம் என்று விதிகள்கூட உண்டு. ஆக, தப்பு செய்தவனை என்ன செய்வது என்ற கேள்வி எங்கள் ஊருக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழசு.

எங்கள் தெருவில் வீடுகளுக்கு நடுவில் சந்து கிடையாது. ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டின் சுவரும். அந்த வீட்டில் தாளித்தால் இந்த வீட்டில் தும்மல் வரும்.

1988-ல் நடந்தது இது. அடுத்த வீட்டு மாமி கணவரை இழந்தவர். கல்யாண வீடுகளில் தேகண்டத்துக்கு, அதாவது சமையல் வேலைக்குப் போய்ப் பிள்ளையை வளர்த்தார். அந்தப் பிள்ளைக்குப் பதினெட்டு வயசு. எனக்கு 'அண்ணா'. கம்போளத்தில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை. கல்லாப்பெட்டியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுநூறு ரூபாய் எடுத்துவிட்டார். பிடிபட்டார். வஞ்சியூர் கோர்ட்டில் குற்றம் உறுதியாச்சு. ஆனால் ஜெயிலுக்கு அனுப்பவில்லை. இரண்டு வருஷ நன்னடத்தைப் பத்திரம். ஒரு ஆள் ஜாமீன் நிற்க வேண்டும். கூடவே நன்னடத்தை அலுவலர், அதாவது ப்ரொபேஷன் ஆபீசரின் கண்காணிப்பு.

தெருவில் யாரும் ஜாமீன் நிற்கத் தயாராக இல்லை. ஏஜீஸ் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த எங்கப்பா கையெழுத்து போட்டார். பாட்டி ஒரு வாரம் அப்பாவிடம் பேசவில்லை. "நமக்கு எதுக்குடா வேண்டாத்த வேலை?" என்று ஊஞ்சலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா சொன்னது ஒன்றுதான். "கையெழுத்து போட்டாச்சு. இனிமே அவன் நம்ம பொறுப்பு."

மாசத்துக்கு ஒரு தடவை அந்த அலுவலர் வருவார். குடை, துணிப்பை, ஒரு நோட்டுப் புத்தகம். நேராக மாமி வீட்டுக்குப் போகாமல் எங்கள் திண்ணையில்தான் உட்காருவார். கோர்ட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று தெரு பேசக்கூடாது என்பதற்காக இருக்கும். அண்ணாவைக் கூப்பிட்டு, வேலைக்குப் போகிறாயா, ராத்திரி எத்தனை மணிக்கு வருகிறாய், கடைக்காரருக்குத் தர வேண்டியதில் எவ்வளவு கொடுத்தாய், அம்மாவுக்கு முட்டு வலி எப்படி என்று கேட்பார். அம்மா கொடுக்கும் மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, திருடனைப் பார்க்கிற மாதிரி அண்ணாவைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவர் வரும் நாட்களில் என் பென்சில் பெட்டியை ஒளித்து வைத்ததும் உண்டு.

அந்தத் திண்ணைக் காட்சிக்குப் பின்னால் எவ்வளவு பெரிய சரித்திரம் இருக்கிறது என்பது வங்கி வேலைக்கு வந்த பிறகுதான் புரிய ஆரம்பித்தது. பி.காம். படித்தவன் சட்டம் பேசலாமா என்று கேட்காதீர்கள். ஒரு கடனைக் கவனிக்கிற மாதிரிதான் இதையும் பார்க்கிறேன். கடன் கொடுப்பதில் நாலு படி. முதலில் ஆளைப் பற்றிய விசாரணை. அடுத்தது ஜாமீன். பிறகு கொடுத்த கடனைத் தொடர்ந்து கவனிப்பது. கடைசியில், அடைத்து முடித்தவனுக்கு 'பாக்கி இல்லை' என்று எழுதிக் கொடுப்பது. இந்த நாலில் ஒன்று விட்டுப்போனாலும் கணக்கு கெட்டுவிடும்.

முதலில் இந்த வேலையைச் செய்தவர் ஜட்ஜும் இல்லை, போலீசும் இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஜான் அகஸ்டஸ் என்ற பூட்ஸ் தைக்கிற தொழிலாளி. 1841 ஆகஸ்டில் ஒரு கோர்ட்டில் குடிகாரர் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அகஸ்டஸ் அவரோடு பேசிப் பார்த்தார், நம்பிக்கை வந்தது, தானே ஜாமீன் கொடுத்து வெளியே அழைத்துப் போனார். மூன்று வாரம் கழித்து அதே ஆள் குடிக்காமல், ஒழுங்காக உடுத்திக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தார். ஜட்ஜ் போட்ட அபராதம் ஒரு சென்ட். 1859-ல் சாகும் வரை அகஸ்டஸ் இப்படி ஜாமீன் நின்றவர்கள் 1,946 பேர். விசாரணை, ஜாமீன், தொடர்ந்து கவனிப்பது எல்லாம் ஒரே ஆள், சம்பளமில்லாமல். அந்த மாசசூசெட்ஸ் மாநிலம் இதைச் சட்டமாக்கியது 1878-ல்.

நான் இப்போது இருக்கும் இங்கிலாந்தில் கதை 1876-ல் ஆரம்பிக்கிறது. ஃப்ரெடரிக் ரெய்னர் என்ற அச்சுத் தொழிலாளி ஒரு மதுவிலக்குச் சங்கத்துக்கு ஐந்து ஷில்லிங் அனுப்பி, கோர்ட்டுக்கு வரும் குடிகாரர்களுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டார். அந்தப் பணத்தில் தொடங்கி லண்டன் கோர்ட்டுகளில் தொண்டர்கள் வந்து உட்கார்ந்தார்கள். 1907-ல் அது சட்டமாச்சு. அந்தச் சட்டம் அலுவலருக்குச் சொன்ன வேலை மூன்று: யோசனை சொல், உதவி செய், சிநேகிதனாக இரு. ஒரு அரசாங்கச் சட்டத்தில் 'சிநேகிதனாக இரு' என்று எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் படித்தபோது, நம் ஆபீஸ் சர்க்குலர்கள் ஞாபகம் வந்து சிரிப்புதான் வந்தது.

நம் பக்கம் வருவோம். பிரிட்டிஷ் இந்தியாவில் 1898-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே 562 என்று ஒரு பிரிவு இருந்தது. முதல் முறை தப்பு செய்தவனைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விடலாம். ஆனால் வெளியே விட்ட பிறகு அவன் என்ன ஆனான் என்று பார்க்க அலுவலர் கிடையாது. கடனைக் கொடுத்துவிட்டு லெட்ஜரை மூடி வைத்த மாதிரி. 1931-ல் இந்தியா முழுமைக்கும் ஒரு மசோதா தயாராகி, அது அப்படியே நின்றுபோனது. அதன் பிறகு மாகாணங்கள் தாமே செய்யட்டும் என்று விட்டார்கள். முதலில் செய்தவற்றில் ஒன்று சென்னை மாகாணம், 1936-ல். இதில் நமக்கு ஒரு வேடிக்கை உண்டு. பாலக்காடு அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. எனவே பாலக்காட்டுத் தமிழனுக்கு 1936 சட்டம் உண்டு, திருவிதாங்கூரில் இருந்த வலியசாலைத் தமிழனுக்கு அது இல்லை. (திருவிதாங்கூரைக் குறை சொல்லவில்லை. 1944-ல் மரண தண்டனையையே எடுத்துவிட்ட சமஸ்தானம் அது.)

நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது 1958-ல். அப்போது கேரளத்தில் சட்டமும் சிறையும் யார் கையில் இருந்தன தெரியுமா? பாலக்காடு வைத்தியநாதபுரத்தில் 1915 நவம்பர் 15-ல் பிறந்த தமிழர், வி.ஆர். கிருஷ்ணய்யர். 1957-ல் தலச்சேரியில் சுயேச்சையாக ஜெயித்து ஈ.எம்.எஸ். மந்திரிசபைக்கு வந்தவர். அவருக்குச் சிறை என்பது கோப்பில் மட்டும் பார்த்த விஷயம் இல்லை. கம்யூனிஸ்ட்டுகளுக்கு வக்கீலாக இருந்ததற்காக 1948-ல் தானே ஒரு மாசம் உள்ளே இருந்தவர். கேரளத்தின் நன்னடத்தை விதிகள் 1960-ல் வந்தன. 1962-ல் திருவனந்தபுரம் ஜில்லாவில் காட்டாக்கடைக்கு அருகே நெட்டுகால்தேரியில் திறந்தவெளிச் சிறை வந்தது. அங்கே கைதிகள் ரப்பர் பால் எடுப்பார்கள். ஓடிப்போகாமல் நிறுத்தி வைப்பது பெரும்பாலும் அவர்கள் கொடுத்த வாக்குதான்.

எங்கள் திண்ணைக் காட்சி முழுவதும் அந்த 1958 சட்டத்தில் இருக்கிறது. நாலாவது பிரிவு: பத்திரம், மூன்று வருஷத்துக்கு மேல் போகக்கூடாது. கண்காணிப்பு போட்டால் குறைந்தது ஒரு வருஷம். குற்றவாளிக்கோ ஜாமீன்காரருக்கோ நிலையான முகவரியோ தொழிலோ இருக்க வேண்டும். இங்கேதான் அப்பாவின் ஏஜீஸ் ஆபீஸ் வேலை உதவியது. ஐந்தாவது பிரிவு: நஷ்டப்பட்டவருக்கு ஈடு. எழுநூறு ரூபாய் கணக்கு அதுதான். ஆறாவது: இருபத்தொரு வயசுக்குக் கீழே இருப்பவனை ஜெயிலுக்கு அனுப்பினால் ஜட்ஜ் காரணம் எழுத வேண்டும். பதினாலாவது: அலுவலர் விசாரிக்க வேண்டும், கண்காணிக்க வேண்டும், வேலை தேடிக் கொடுக்கவும் பார்க்க வேண்டும். தம்பானூர் பக்கம் ஒரு அச்சகத்தில் அண்ணாவைச் சேர்த்துவிட்டது அந்தத் துணிப்பைக்காரர்தான்.

பரோல் என்பதை இதோடு குழப்பிக்கொள்கிறோம். ப்ரொபேஷன் ஜெயில் வாசலுக்கு வெளியிலேயே நிறுத்துவது. பரோல், உள்ளே போனவன் வெளியே வருவது. அந்தப் பிரெஞ்சு வார்த்தைக்கு அர்த்தமே 'வாக்கு'தான். 1840-ல் அலெக்சாண்டர் மகனோகி என்ற அதிகாரி ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே நார்ஃபோக் தீவில் இருந்த கைதிகளுக்கு மார்க் போட ஆரம்பித்தார். நன்றாக நடந்தால் மார்க், மார்க் சேர்ந்தால் விடுதலை நெருங்கும். வெளிநாடுகளில் பரோல் என்றால் மிச்சத் தண்டனையை வெளியே, கண்காணிப்பில் கழிப்பது. நம் ஊரில் பெரும்பாலும் லீவு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தங்கை கல்யாணம் என்று சில நாட்கள் வந்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டும். அதற்கும் நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை எழுதுவார். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது சிறைகளில் நெரிசலைக் குறைக்கச் சுப்ரீம் கோர்ட் சொன்ன வழிகளில் ஒன்று பரோல்.

கிருஷ்ணய்யர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன பிறகு 1977-ல் ஆந்திரப் பிரதேசத்திலிருந்து ஒரு மோசடி வழக்கு வந்தது. வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றிய ஒரு இளைஞர். தண்டனையைக் குறைத்ததோடு, மூன்று மாசத்துக்கு ஒரு முறை ஒரு வாரமாவது பரோலில் வீட்டுக்கு அனுப்புங்கள் என்றும் எழுதினார். வீட்டு மனுஷர்களை மறந்துபோனவன் திரும்பி வந்து எப்படி மனுஷனாக இருப்பான் என்பதுதான் அவர் கேள்வி. இன்று கேரளத்தில் அவர் பிறந்த நவம்பர் 15-ஐத்தான் ப்ரொபேஷன் தினமாக அனுசரிக்கிறார்கள். சமூகநீதித் துறையின் திட்டத்துக்குப் பெயர் 'நேர்வழி'. நமக்கு மொழிபெயர்ப்பே வேண்டாத பெயர்.

விசாரணை, ஜாமீன், கவனிப்பு வரைக்கும் பார்த்தாச்சு. நாலாவது படி இருக்கிறதே, 'பாக்கி இல்லை' சர்டிபிகேட், அங்கேதான் நாம் எல்லோரும் சறுக்குகிறோம். 1958 சட்டத்தின் பன்னிரண்டாவது பிரிவு, இப்படி விடுவிக்கப்பட்டவருக்கு அந்தக் குற்றத்தீர்ப்பால் வரும் தகுதி இழப்பு கிடையாது என்று சொல்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் தொழிலில் 1949-ன் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், பத்தாவது பிரிவு இருக்கிறது. நேர்மைக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றவரை வங்கி வேலைக்கு வைத்துக்கொள்ளக்கூடாது. இரண்டும் மோதினால்? 2010-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு வங்கிக் கடைநிலை ஊழியர் வழக்கு போனது. கையாடல். ப்ரொபேஷன் சலுகை கிடைத்திருந்தது. ஆனாலும் வேலை போனது போனதுதான் என்று தீர்ப்பு. அடுத்தவர் பணத்தை வைத்திருக்கும் இடம் வங்கி, கவனமாக இருக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேலை கேட்பது வேறு, கடன் கேட்பது வேறு.

இனிமேல் எழுதப்போவது எனக்குப் பெருமை தராத விஷயம்.

2003. கேரளத்தில் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரியாக இருந்தேன். எந்த வங்கி, எந்தக் கிளை என்பது வேண்டாம், தப்பு என்னுடையது. அண்ணா சுயதொழில் கடன் விண்ணப்பத்தோடு வந்தார். அச்சகத்தை விட்டு அம்மாவோடு சமையல் கான்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்திருந்தார். பாத்திரம், அடுப்பு வாங்க எழுபத்தைந்தாயிரம். என்னை 'சார்' என்று கூப்பிட்டார். பக்கத்தில் இன்னொரு ஊழியர் இருந்ததால் நானும் 'உட்காருங்கோ' என்று பொதுவாகச் சொன்னேன். காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தன. எந்த ஃபாரத்திலும் 1988 இல்லை. எனக்குள்தான் இருந்தது. 'போதிய தொழில் அனுபவம் இல்லை' என்று எழுதி விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டேன். பிறந்ததிலிருந்து அடுப்படியில் வளர்ந்தவருக்கு அனுபவம் இல்லையாம்!

அப்பாவுக்கு மாமி மூலம் விஷயம் தெரிந்தது. அவர் சத்தம் போடவில்லை. ராத்திரி சாப்பிட்டுக் கை அலம்பிவிட்டு வந்து சொன்னார்:

"நான் கையெழுத்து போட்டப்போ அவன் கையில ஒண்ணும் இல்லை. உன்கிட்ட வரச்சே பதினஞ்சு வருஷம் இருந்துது."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஒருத்தன் பதினைந்து வருஷம் தவணை தவறாமல் கட்டியிருக்கிறான். நான் அதை வரவில் எழுதாமல் பழைய பாக்கியை மட்டும் பார்த்திருக்கிறேன். கணக்குப் படித்தவன் செய்கிற காரியமா அது?

பிறகு நான் இங்கே வந்துவிட்டேன். இங்கே இதே விஷயத்தை எப்படிக் கெடுத்தார்கள் என்பதையும் கண்ணால் பார்த்தேன். 2014-ல் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் ப்ரொபேஷன் சேவையை இரண்டாகப் பிரித்தார்கள். ஆபத்து அதிகம் என்று கருதப்பட்டவர்கள் அரசாங்கத்திடம், மற்றவர்கள் 21 நிறுவனங்களிடம். திரும்பத் தப்பு செய்யாமல் பார்த்துக்கொண்டால் கூடுதல் பணம் என்று ஒப்பந்தம். எங்கள் தொழில் ஆட்களுக்குப் பார்த்ததும் பிடிக்கும் திட்டம்தான். ஆனால் சில இடங்களில் கண்காணிப்பு என்பது ஆறு வாரத்துக்கு ஒரு டெலிபோன் அழைப்பாகச் சுருங்கியது. 2019-ல் தலைமை ஆய்வாளரே இந்த ஏற்பாடு திருத்த முடியாத அளவுக்குக் கோளாறு என்று சொன்னார். 2021 ஜூனில் எல்லாவற்றையும் மறுபடி அரசாங்கமே எடுத்துக்கொண்டது. மோர் குடித்துவிட்டு முட்டு வலி விசாரிக்கிற வேலையை டெலிபோனில் செய்ய முடியாது என்று கண்டுபிடிக்க ஏழு வருஷம் ஆகியிருக்கிறது.

நம் நாட்டில் 2024 ஜூலை 1 முதல் புதிய நியாய சம்ஹிதை அமலில் இருக்கிறது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான திருட்டு, முதல் தடவை, பொருளையோ பணத்தையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் தண்டனை சமூக சேவைதான். அண்ணாவின் எழுநூறு ரூபாய் அன்றைக்கு மதிப்பில் பெரிசுதான். ஆனாலும் இதைப் படித்தபோது அவர் முகம்தான் வந்தது. இனி நம் ஊர்ப் பூங்காக்களிலும் யாராவது வேலிக்குப் பெயின்ட் அடிக்கலாம். அவர்களில் நம் சுவரைத் தாண்டி இருக்கிற வீட்டுப் பிள்ளையும் இருக்கலாம். சட்டம் மூன்று படி வரை கொண்டுவந்து விடும். நாலாவது கையெழுத்து தெருவில் இருக்கிற நாம்தான் போட வேண்டும்.

அப்பா 2016-ல் போய்விட்டார். பதிமூன்றாம் நாள் சமையல் அண்ணாதான். வேறு எங்கோ கடன் கிடைத்து, அந்தத் தொழில் இப்போது நன்றாக நடக்கிறது, ஏழெட்டுப் பேர் அவரிடம் வேலை செய்கிறார்கள். சமையற்கட்டு வாசலில் நின்று பழைய விஷயத்தைப் பேச வாயெடுத்தேன். அவர் கரண்டியைக் கீழே வைக்காமலே, "எத்தனை இலைன்னு முதல்ல சொல்லு" என்றார். நூற்றிருபது என்றேன். பேச்சு அங்கேயே முடிந்துபோனது. சாயங்காலம் கணக்கு பார்த்துப் பணம் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்.

பூங்காவிலிருந்து வீட்டுக்கு வந்து, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே இந்தக் கதையைப் பெண்ணிடம் சொன்னேன். கடன் விண்ணப்பம் வரைக்கும் மறைக்காமல் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீ அவர்கிட்ட சாரி சொன்னியா?"

இல்லை.

டிசம்பரில் ஊருக்குப் போகிறோம். டிக்கெட் எடுத்தாச்சு.